வழுவியோரை நிலைநிறுத்தல்: சிறை மீண்ட மகளிர் பற்றிய ஒரு பாடம்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவது ஸ்திதிகரணம். நெறியினின்று வழுவ நேர்ந்தவரை வெறுத்து ஒதுக்காமல் மீண்டும் அந்நெறியிலேயே நிறுத்துதல் என்பது அதன் பொருள். வாரிசேண முனிவரின் சரிதத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். 'வழுவியவர்' என்று பாடம் சொன்னவுடன் சிறார் மனத்தில் தோன்றுவோர், நோன்பைக் கைவிட்ட ஒருவரோ, இரவில் உண்ட ஒருவரோ ஆவர். அதற்கும் அப்பால் வழுவியவர் நிலை என்ன? குடிக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாகி, சட்டத்தின் பிடியில் அகப்பட்டு, தண்டனை முடிந்து சிறையிலிருந்து வெளிவரும் ஒரு பெண்ணை நிலைநிறுத்தல் கூடுமா? கூடுமாயின் அது எவ்வாறு நடைபெறுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

மது, மாமிசம், தேன் மூன்றையும் விலக்கிய இல்லங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இது எங்கோ தொலைவில் நிகழும் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் நம் பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணியாற்றுகின்றனர். மருத்துவர் ஒரு வாரத்திற்கென எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பல்லாண்டுகள் விடாது உட்கொள்வோரும் உளர். விரதம் நம்மைக் காக்கும் வேலி. வேலிக்கு வெளியே சென்றுவிட்டவரை மீட்பதற்கு வேறு ஒரு கல்வியும் வேண்டும்.

அக்கல்விக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக, அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் சூசன் பர்ட்டன் என்னும் அம்மையார் தொடங்கிய பணியை எடுத்துக்கொள்வோம். சிறைக்குச் சென்று மீண்டவரே, பின்னர் மீள்வோர்க்கு வீடு திறந்தார் என்பதால் அவர் பணி நமக்குச் சிறந்த பாடமாகிறது.

ஓர் அம்மையாரின் வாழ்வு

சூசன் பர்ட்டன் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில், ஏழைகளுக்கென அரசு கட்டிய குடியிருப்பில் வளர்ந்தார். இளம் வயதிலேயே பிறர் இழைத்த கொடுமைகளுக்கு ஆளானார். 1980-களின் தொடக்கத்தில் அவருடைய ஐந்து வயது மகன், காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் ஓட்டிவந்த வண்டியில் அடிபட்டு இறந்தான். புத்திர சோகத்தைத் தாங்கமாட்டாத அத்தாய் முதலில் குடியை நாடினார். பின்னர், 'கிராக்' எனப்படும் புகைக்கும் வகைக் கொக்கெய்னுக்கு அடிமையானார்.

போதைப்பொருளுடன் பிடிபட்டவரை நோயாளியாகக் கருதாமல் குற்றவாளியாகவே கருதும் போக்கு அந்நாட்டில் அப்போது ஓங்கியிருந்தது. 1986-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் 5 கிராம் கிராக்கையும் 500 கிராம் கொக்கெய்ன் தூளையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டிற்கும் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை என வகுத்தது. கிராக் பெரிதும் ஏழையர் பகுதிகளில் புழங்கியது. தூள் வசதியுடையோரிடையே புழங்கியது. 100-க்கு 1 என்றிருந்த இவ்வேற்றுமை 2010-இல்தான் 18-க்கு 1 என்ற அளவிற்குக் குறைக்கப்பட்டது. பர்ட்டன் தண்டிக்கப்பட்டது மாநிலச் சட்டத்தின்படியே எனினும், அக்காலத்தின் மனப்போக்கை இச்சட்டம் தெளிவாகக் காட்டுகிறது. 1980-இல் அந்நாட்டுச் சிறைகளிலும் காவற்கூடங்களிலும் இருந்த பெண்கள் ஏறத்தாழ 26,000 பேர். 2019-இல் அத்தொகை 2,20,000-ஐக் கடந்துவிட்டது.

பர்ட்டன் ஆறு முறை சிறை சென்றார். தண்டனை முடிந்து வெளிவருவார், பழைய இடத்திற்கே திரும்புவார், பழைய துயரமும் பழைய மருந்தும் காத்திருக்கும், மீண்டும் பிடிபடுவார். 1997-இல், சாந்தா மோனிகா என்னும் கடற்கரை நகரத்துச் சிகிச்சை இல்லமொன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே அவர் ஓர் உண்மையை நேரிற் கண்டார். செல்வம் மிக்க அப்பகுதியில், தம்மைப் போன்றே போதைப்பொருளுடன் பிடிபட்டவர்கள் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். தம் பகுதியைச் சேர்ந்தோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். குற்றம் ஒன்றே, முகவரி வேறு.

உடலும் மனமும் தேறிய பின் முதியோரைப் பேணும் பணி செய்து பொருள் சேர்த்தார். 1998-இல் தென் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் சிறு வீடொன்றைத் தமதாக்கி, அறைகளில் அடுக்குக் கட்டில்களை இட்டார். பின் பேருந்து நிறுத்தத்திற்குச் சென்று, சிறையிலிருந்து வந்திறங்கும் பெண்களுக்காகக் காத்திருந்து, விரும்பியோரைத் தம் இல்லத்திற்கு அழைத்து வந்தார். அவ்வில்லமே 'எ நியூ வே ஆஃப் லைஃப்', அஃதாவது 'புதியதொரு வாழ்க்கை நெறி' என்னும் பெயரில் பல வீடுகளைக் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. 2010-இல் சி.என்.என். தொலைக்காட்சி அவ்வாண்டின் தலைசிறந்த பத்து நாயகருள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 2017-இல் அவர்தம் தன்வரலாறு நூலாக வெளிவந்தது.

வாயிலுக்கு வெளியே முதல் நாள்

சிறையின் வாயில் திறக்கப்படும் நாளை விடுதலை நாள் என்கிறோம். அந்நாள் எத்துணை இடர் நிறைந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கலிபோர்னியா மாநிலத்தில் விடுதலையாகும் ஒருவருக்கு வழங்கும் தொகை 200 டாலர் என 1973-இல் வகுக்கப்பட்டது. விலைவாசி பன்மடங்கு ஏறிய பின்னரும், பல பத்தாண்டுகளாக அத்தொகை உயர்த்தப்படவில்லை. உடுத்துச் செல்ல உடையும் பேருந்துச் சீட்டும் சிறையிலேயே வாங்கினால், அவற்றின் விலையும் அத்தொகையில் கழிக்கப்படும். பெண்களுக்கான பெரிய சிறையொன்று சௌச்சில்லா என்னும் ஊரில், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து புறப்படும் பெண் நகரத்தின் நடுப்பகுதியில் வந்திறங்குவாள். அதனை அடுத்து 'ஸ்கிட் ரோ' என்னும் பகுதி. வீடற்றோர் ஆயிரக்கணக்கில் தெருவோரத்தில் வாழும் இடம் அது. போதைப்பொருள் விற்போரும், பெண்களைத் தீய தொழிலுக்கு இழுப்போரும் அவளுக்காகவே காத்திருப்பர். கையிலுள்ள பணத்தை அவர்கள் அறிவார்கள். போக்கிடம் இல்லை என்பதையும் அறிவார்கள்.

வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2007-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதும் பாலும் கொண்ட பொதுமக்களைக் காட்டிலும் 12 மடங்குக்கு மேல் இருந்தது. முதன்மைக் காரணம் போதைப்பொருளின் அளவு மிகுதல். சிறையில் இருந்த காலத்தில் உடல் அப்பொருளைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய அளவையே உட்கொள்வார். உடலோ பழைய உடல் அன்று. மூச்சு நின்றுவிடுகிறது.

ஆகவே, முதல் நாளில் ஒருவர் எதிரே நின்று பெயர் சொல்லி அழைப்பது உயிர் காக்கும் செயலாகிறது. பர்ட்டன் அம்மையார் பேருந்து நிறுத்தத்தில் நின்றதன் பொருள் இதுவே.

நோயின் இயல்பு

உதவ விரும்புவோர் முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். 'மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே' என்பது எளிதிற் சொல்லப்படும் சொல். மன உறுதி வேண்டும் என்பது உண்மையே. அதுமட்டும் போதும் என்பது உண்மையன்று.

இன்பம் தரும் செயல்களை மீண்டும் செய்யத் தூண்டும் ஓர் அமைப்பு நம் மூளையில் உள்ளது. உணவும் அன்பும் அதனை அளவோடு தூண்டும். போதைப்பொருள் அதனை அளவிறந்து தூண்டுகிறது. புகையாக உட்கொள்ளும் கிராக் சில விநாடிகளில் மூளையை எட்டும். சில நிமிடங்களில் அதன் வேகம் தணியும். மீண்டும் வேண்டும் என்னும் வேட்கை எழும். நாளடைவில் மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. பின்னர் இன்பத்திற்காக அன்று, துன்பத்தைத் தவிர்ப்பதற்காகவே அப்பொருள் வேண்டப்படுகிறது. பழைய தெரு, பழைய நண்பர், ஒரு மணம், ஒரு துயரச் செய்தி ஆகிய எதுவும் உறங்கிக் கிடக்கும் வேட்கையை எழுப்பவல்லது. சிறையில் பல மாதங்கள் அப்பொருளைத் தொடாதிருந்தவரும் தெருமுனைக்கு வந்தவுடன் தடுமாறுவதன் காரணம் இதுதான்.

பெண்களிடம் இந்நோய்க்குச் சில தனித்தன்மைகள் உண்டு. தொடங்கியதிலிருந்து அடிமையாகும் வரையுள்ள காலம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல நேரங்களில் குறுகியது என மருத்துவர் கண்டுள்ளனர். சிறைப்பட்ட மகளிருள் மிகப் பலர் இளமையில் அடியும் பாலியற் கொடுமையும் பட்டவர்கள். அவர்களுக்குப் போதைப்பொருள், ஆறாத புண்ணுக்குத் தாமே இட்டுக்கொண்ட தவறான மருந்து. மருந்தைப் பறித்துவிட்டுப் புண்ணை அப்படியே விட்டுவிட்டால் நோய் தீராது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவரோ, தூக்க மாத்திரைக்கு அடிமையானவரோ, திடீரென்று அதனை நிறுத்துவது ஆபத்தானது. வலிப்பும் உயிர்க்கேடும் நேரலாம். அவரை அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது கூடாது. மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்துதல் வேண்டும்.

நிலைநிறுத்தலின் ஐந்து படிகள்

கற்பித்தலில் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும், எளியதிலிருந்து அரியதற்கும் செல்லுதல் முறை. ஒரு படியில் கால் ஊன்றிய பின்னரே அடுத்த படி. மீண்டுவரும் மகளிர்க்கான பணியிலும் இம்முறையே காணப்படுகிறது.

1. இருப்பிடம்: முதலில் வேண்டுவது அச்சமின்றி உறங்க ஒரு படுக்கை. உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, தூய ஆடை, வேளைக்கு உணவு ஆகியவை அதனுடன் சேர்ந்தவை. இவை நமக்கு மிகச் சிறியவையாகத் தோன்றும். பல்லாண்டுகள் பிறர் பூட்டிய கதவுக்குப் பின் வாழ்ந்தவருக்கு இவையே வாழ்வின் தொடக்கம். அறிவுரை இதற்குப் பின்னர் வரவேண்டும். பசித்திருக்கும் மாணவனுக்குக் கணக்குப் பாடம் ஏறாது என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

இதனிலும் சட்டம் தடையாய் நின்றதுண்டு. 1996-இல் அமெரிக்க நடுவண் அரசு இயற்றிய சட்டம், போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுதும் அரசின் உணவு உதவியும் பண உதவியும் பெறலாகாது என விதித்தது. மாநிலங்கள் விரும்பினால் இத்தடையைத் தளர்த்தலாம். கலிபோர்னியா 2015 ஏப்ரல் முதல் நாளன்றுதான் இதனை முற்றிலும் நீக்கியது. கொலை செய்தவர் தண்டனை முடிந்தபின் பெறக்கூடிய உணவு உதவியை, போதைப்பொருட் குற்றத்தில் தண்டனை பெற்ற தாய் பெற இயலாதிருந்தாள்.

2. அடையாளச் சான்று: வெளிவருபவரிடம் பிறப்புச் சான்றோ, அடையாள அட்டையோ பெரும்பாலும் இராது. சான்று இன்றி வேலை இல்லை. மருத்துவ உதவி இல்லை. வாடகை வீடு இல்லை. ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அலைந்து சலித்தவர், 'இதற்குச் சிறையே மேல்' என்று எண்ணும் நிலை வரும். அப்போது விண்ணப்பத்தை நிரப்பித் தந்து, உடன் சென்று, வரிசையில் உடன் நிற்கும் ஒருவர் செய்யும் உதவி பெரிது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய அறம் இது.

3. சிகிச்சையும் துணையும்: போதையினின்று மீள்வது ஒரு நாளில் முடிவதன்று, ஆண்டுக்கணக்கில் தொடர்வது. மருத்துவரும் மனநல ஆலோசகரும் வேண்டும். அவர்களோடு, அதே வழியில் நடந்து கரையேறியவரின் துணையும் வேண்டும். 'எனக்கும் அவ்வாறே இருந்தது. இப்போது இவ்வாறு இருக்கிறேன்' என்று தம் வாழ்வையே சான்றாகக் காட்டவல்லவர் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. பர்ட்டன் அம்மையாரின் இல்லத்தில் முன்னர் வந்தவர் பின்னர் வருபவர்க்கு வழிகாட்டுகின்றனர்.

மீண்டும் வழுவினால் என்ன செய்வது? போதையடிமை நோயில் சிகிச்சைக்குப் பின் மீண்டும் வழுவுவோர் 40 முதல் 60 விழுக்காடு என மதிப்பிடப்பட்டுள்ளது. இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உடையோருள் 50 முதல் 70 விழுக்காட்டினர்க்கு நோய் மீண்டும் முற்றுகிறது. இரத்த அழுத்தம் மீண்டும் ஏறியவரை நாம் வீட்டை விட்டு வெளியேற்றுவதில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். வழுவியதைப் பொருட்படுத்தாதிருத்தல் ஒரு தவறு. வழுவியதும் கைவிடுதல் மற்றொரு தவறு. சிகிச்சையைச் செம்மை செய்து மீண்டும் தொடங்குதலே வழி.

4. மக்கள்: அமெரிக்க மாநிலச் சிறைகளில் உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயது வராத பிள்ளைகளின் தாய்மார். 1997-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஒரு குழந்தை கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையையே நீக்குமாறு வழக்குத் தொடுக்க மாநிலங்களைப் பணித்தது. குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கப்படாமல் நிலையான இல்லம் பெறவேண்டும் என்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் இரண்டாண்டுத் தண்டனை பெற்ற தாய், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு, தன் குழந்தையை என்றென்றைக்கும் இழக்க நேரிடுகிறது. போதையை விடுவதற்குத் தாய்மார் பலருக்குப் பிள்ளையே பெருங்காரணம். அக்காரணம் பறிபோனால் அவர்கள் எதைப் பற்றி நிற்பார்கள்?

ஆதலின், பிள்ளைகளை மீண்டும் பெறுதற்கு நீதிமன்றத்தில் உதவுவது பர்ட்டன் நிறுவனத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் சட்டப் பள்ளியோடு இணைந்து இலவசச் சட்ட உதவி மையத்தையும் அவர்கள் தொடங்கினர். தாயும் பிள்ளையும் மீண்டும் சேர்வதும் உடனே கைகூடுவதன்று. பிள்ளைக்குக் கோபம் இருக்கும், அச்சம் இருக்கும். சிறு சந்திப்புகளாய்த் தொடங்கி, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் தாய் வந்து நின்று, நம்பிக்கையைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும்.

5. தொழில்: வேலைக்கான விண்ணப்பத் தாளில், 'தண்டனை பெற்றதுண்டா?' என்று கேட்டு ஒரு சிறு கட்டம் அச்சிடப்பட்டிருக்கும். அதில் குறியிட்டால் விண்ணப்பம் ஒதுக்கப்படும். பொய் கூறினால் பின்னர் வேலை பறிபோகும். சிறை மீண்டோர் தாமே சேர்ந்து அமைத்த 'ஆல் ஆஃப் அஸ் ஆர் நன்' என்னும் இயக்கம் இக்கட்டத்தை நீக்கக் கோரிப் போராடிற்று. பர்ட்டன் அம்மையாரும் அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர். கலிபோர்னியாவில் 2018 சனவரி முதல், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில், வேலை தருவதாக முடிவு சொல்வதற்கு முன்னர் இவ்வினாவைக் கேட்கலாகாது என்பது சட்டமாயிற்று. ஆளை முதலில் பார். கடந்ததைப் பின்னர்க் கேள் என்பதே அதன் உட்பொருள்.

வேலை கிடையாத இடத்தில் வேலையை உண்டாக்கியோரும் உளர். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பெக்கா ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார் 1997-இல், போதையிலும் தெருவாழ்விலும் சிறையிலும் துன்புற்ற பெண்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே வருவோர் வாடகையின்றி இரண்டாண்டுகள் தங்கலாம். சில காலம் சென்றதும், உடல் தேறியோர்க்கும் வேலை கொடுப்பார் இல்லை என்பது தெரிந்தது. 2001-இல் அவர்கள் தாங்களே மெழுகுவத்தியும் உடற்பூச்சுத் தைலங்களும் செய்து விற்கத் தொடங்கினர். அத்தொழிலுக்கு 'திஸ்ல் ஃபார்ம்ஸ்' எனப் பெயரிட்டனர். திஸ்ல் என்பது அந்நாட்டுச் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானே முளைக்கும் ஒரு முட்செடி; களை என்று பிறர் வெட்டி எறிவது; அதன் பூவோ மென்மையும் ஊதா நிறமும் உடையது. இரண்டாண்டுத் தங்கலும், ஊதியம் தரும் தொழிலும் சேர்ந்தே ஒரு பெண்ணைத் தன் காலில் நிற்கச் செய்கின்றன என்பது அவர்கள் பணி கற்பிக்கும் பாடம்.

தண்டனைக்கு முடிவுநாள் வேண்டும்

மேற்கூறிய ஐந்து படிகளையும் நோக்கும்போது ஒன்று புலனாகும். நீதிமன்றம் வழங்கும் தண்டனைக்கு ஒரு முடிவுநாள் உண்டு. இத்தனை மாதம், இத்தனை ஆண்டு என்று அது எழுதப்பட்டிருக்கும். அதன் பின்னர் அலுவலகமும், வேலை கொடுப்போரும், அண்டை வீட்டாரும், உற்றாரும் வழங்கும் தண்டனைக்கு முடிவுநாள் எழுதப்படவில்லை. சிறை மீண்ட ஆணை ஊர் சில ஆண்டுகளில் மறந்துவிடுவதுண்டு, பெண்ணை மறப்பதில்லை. அவள் பிள்ளையின் திருமணப் பேச்சிலும் அது எடுத்துரைக்கப்படும். ஒரு பெண் மீண்டும் வழுவுவதற்கு அவளது பலவீனம் ஒரு காரணமானால், முடிவில்லாத இத்தண்டனை மற்றொரு காரணம். நிலைநிறுத்தல் என்பது இத்தண்டனைக்கு முடிவுநாள் குறிப்பதே ஆகும்.

உலக நாடுகளும் இதனை ஓரளவு உணர்ந்துள்ளன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட 'பாங்காக் விதிகள்' 70 விதிகளைக் கொண்டவை. பெண் கைதிகளின் உடல்நலம், போதையடிமைக்கான தனிச் சிகிச்சை, பிள்ளைகளோடு தொடர்பு, விடுதலைக்குப் பிந்திய உதவி ஆகியவற்றை அவை வகுத்துரைக்கின்றன.

நம் நாட்டிலும் அறிந்துகொள்ள வேண்டிய சில வழிகள் உள்ளன. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையங்கள் சட்டப்படி, பெண்களும் காவலில் உள்ளோரும் தம் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்ட நீதிமன்றங்களில் இவ்வாணையத்தின் அலுவலகங்கள் உள்ளன. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே, சிறிய அளவு தொடர்பான குற்றம் சாட்டப்பட்ட போதையடிமை ஒருவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வகுக்கும் பிரிவு ஒன்று பின்னர்ச் சேர்க்கப்பட்டுள்ளது. இதனை அறியாதார் பலர். சென்னையில், குடியால் தம் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், டி.டி.கே. மருத்துவமனை என அறியப்படுவது, போதையடிமை நோய்ச் சிகிச்சையில் நாட்டிற்கே முன்னோடியாயிற்று. அவ்வம்மையாருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தம் துயரத்தைப் பிறர் துயர் துடைக்கும் பணியாக்கிய வகையில் அவரும் பர்ட்டன் அம்மையாரும் ஒரே நெறியினர்.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

இல்லம் அமைத்தலும் சட்டம் திருத்தலும் எல்லோர்க்கும் இயல்வன அல்ல. இயல்வன சில உண்டு. அவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது சொல். 'குடிகாரி', 'ஜெயிலுக்குப் போனவள்' என்னும் சொற்களை நம் வீட்டில் பிள்ளைகள் காதில் விழாமல் நீக்குவோம். 'நோயுற்றிருந்தார், தேறி வருகிறார்' என்று சொல்லலாம். எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணத்திற்கு முன் நிற்பது உபகூஹனம், பிறர் குற்றத்தைத் தூற்றாது மறைத்தல். பின் நிற்பது வாத்ஸல்யம். இவ்வரிசை கருதத்தக்கது. தூற்றிக்கொண்டே ஒருவரை நிலைநிறுத்த இயலாது. ஆயினும் குற்றத்தை மறைத்தல் என்பது நோயை மருத்துவரிடம் மறைத்தலாகாது. குடும்ப மானம் கருதி மறைத்த நோய் முற்றி உயிரைக் கொள்ளும்.

இரண்டாவது பிள்ளைகள். தாய் சிறையிலோ சிகிச்சையிலோ உள்ள குழந்தை நம் தெருவில் இருக்கலாம். நம் பள்ளியில் பயிலலாம். வகுப்பில் பலர் முன்னிலையில் 'அம்மா எங்கே?' என்று கேட்காதிருத்தல் ஆசிரியர் கடமை. கட்டணமும் சீருடையும் தடைபடாமல் பார்த்தலும், திருவிழாவிலும் விருந்திலும் அக்குழந்தையைத் தனித்து விடாதிருத்தலும் நம் கடமை.

மூன்றாவது வேலை. வீட்டுத் தொழிலோ கடையோ நடத்துவோர், மீண்டு வந்தவர் ஒருவருக்கு இடம் கொடுக்க எண்ணினால், பிறரினும் மிகையான ஐயத்தோடும் வேண்டாம். பிறரினும் மிகையான இரக்கத்தோடும் வேண்டாம். உரிய வேலை, உரிய ஊதியம், உரிய கணக்கு ஆகியவையே மதிப்பைத் தரும்.

நான்காவது வரம்பு. உதவி என்பது கேட்கும்போதெல்லாம் கையில் பணம் கொடுத்தலன்று. மருந்துக்கடையிலோ, பள்ளியிலோ, வீட்டு உரிமையாளரிடமோ நேரே செலுத்தலாம். போதையில் இருக்கும் வேளையில் வாதம் செய்தல் பயனற்றது. சிறு குழந்தைகளின் பாதுகாப்பு எப்போதும் முதன்மையானது. அதனை விட்டுக்கொடுத்துச் செய்யும் கருணை கருணையாகாது. எல்லோரும் கரையேறுவர் என்று உறுதி கூறவும் இயலாது. சிலர் பலமுறை வழுவுவர். சிலரை இழக்கவும் நேரும். ஆயினும் ஆறு முறை சிறை சென்ற ஒருவரை, ஐந்தாம் முறையோடு முடிந்தவர் என்று உலகம் எண்ணியிருந்தால், பின்னர் அவர் திறந்த கதவுகள் எவையும் திறந்திரா.

ஐந்தாவது முதல் நாள். நம் உறவிலோ ஊரிலோ ஒருவர் சிகிச்சை முடிந்தோ தண்டனை முடிந்தோ வரும் நாளை அறிந்தால், ஒருவரேனும் எதிர்சென்று அழைத்து வருக. அன்று வேறு அறிவுரை எதுவும் வேண்டுவதில்லை. வெந்நீரும், உணவும், படுக்கையும் போதும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

(குடும்பத்தில் கூடியமர்ந்து கலந்துரையாடுவதற்கு)

1. சிறையிலிருந்து விடுதலையான முதல் இரண்டு வாரங்கள் உயிருக்கு ஆபத்தானவையாக இருப்பதன் காரணம் யாது?

2. இருப்பிடம், சான்று, சிகிச்சை, மக்கள், தொழில் என்னும் ஐந்தனுள் ஒன்று குறைந்தால் மற்றவை எவ்வாறு பாதிக்கப்படும்? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. உபகூஹனத்திற்கும் நோயை மறைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

4. ஒரே குற்றத்திற்கு ஓர் ஊரில் சிகிச்சையும் மற்றோர் ஊரில் சிறையும் கிடைப்பது நீதியாகுமா? ஆகாதெனின், மாற்றத்தக்கது எது?

5. நமக்குத் தெரிந்தவர்களுள், தண்டனையோ சிகிச்சையோ முடிந்த பின்னும் ஊரார் வாயில் இன்னும் தண்டனை அனுபவித்து வருபவர் எவரேனும் உளரா? அவருக்கு முடிவுநாள் குறிக்க நம் இல்லம் இவ்வாரம் செய்யக்கூடியது ஒன்றினைத் தேர்ந்தெடுத்துச் செய்க.